வீட்டுப் பரணும் விதைத் தானியமும்

தை மாதத்தில் அறுவடையான சம்பா நெல்லில் விதைக்கென்று ஒதுக்கப்படுவது, ஆடி, ஆவணி வரையில் குடியானவர் வீட்டிலேயே தங்குகிறது. ஆண்டில் உஷ்ணம் மிகுந்த மாதங்கள் இந்த இடைக்காலத்திலேயே வருகின்றன. வீட்டில் உஷ்ணம் மிகுந்த இடமோ கூரைக்கு நேர் கீழேயுள்ள பரண். கொங்கு நாட்டில் அட்டாலி என்றும், வேறு சில இடங்களில் மச்சு என்றும் வழங்கும் இவ்விடத்தில் விதை மூட்டைகளை ஏற்றிவிட்டு, விதைப்புக் காலம் வரையில் ஏறிப் பாராதிருப்பது பலருக்கு வழக்கமாயிருக்கிறது. நாற்றங்காலில் முளைப்புக் குறைந்தால் விதையைக் குற்றஞ் சொல்வர்; விதை கொடுத்தவரையும் குற்றஞ் சொல்வர். கூரையைக் குற்றஞ் சொல்பவர் அரியர்.

விதையின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிப்பவை அதனுள் இருக்கும் ஈரமும், அதைச் சூழ்ந்திருக்கும் உஷ்ணமுமாம். ஹாரிங்டன் என்னும் அமெரிக்க விதை ஆராய்ச்சியாளர் வகுத்த கணக்கின்படி, உஷ்ணம் 5 சென்டிகிரேடு பாகை குறையுந்தோறும் விதையின் ஆயுள் இரட்டிக்கும். ஈரம் நூற்றுக்கு 1 பங்கு குறையுந்தோறும் அவ்வாறே இரட்டிக்கும். இஃது உத்தேசக் கணக்கேயாயினும் குடியானவருக்குப் போதுமானது. அறையைக் காட்டிலும் பரண் 10 பாகை மிகுதியாகச் சுடுமாயின், அங்கே வைத்த விதையின் ஆயுள் அறையில் வைத்ததின் ஆயுளில் நாலில் ஒரு பங்காகிவிடும். உஷ்ணமானி ஒன்றை விதை மூட்டைகளின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பிற்பகல் 2 மணிக்கு ஒரு முறையும், பின்பு அதையே கீழறையில் மாட்டி மறுநாள் அதே வேளையில் ஒரு முறையும் பார்த்தால் தம் வீட்டு நிலைமை விளங்கும்.

கூரையின் வகையைப் பொறுத்து இவ்வேற்றுமை கூடும், குறையும். தென்னங்கீற்றும் வைக்கோலும் வேய்ந்த கூரை உஷ்ணத்தை எளிதில் உள்ளே விடாது. ஆனால் தீக்கும் கறையானுக்கும் எளிதில் இரையாகும். 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் பாஸல் மிஷன் தொழிற்சாலை செய்யத் தொடங்கிய ஓடு, தீ அபாயத்தைக் குறைத்தது. எனினும் மெல்லிய ஒற்றை ஓடு நண்பகலில் விரைவில் காய்ந்து, அடியிலுள்ள பொருள்மீது அனலை வீசும். இரும்புத் தகடும் சிமெண்டுத் தகடும் இதனினும் மோசமானவை. முன்னோர் கட்டிய மச்சு வீடுகளில் உத்திரங்களின்மேல் பலகை பரப்பி, அதன்மேல் மண் கனமாகப் பூசியிருப்பதைக் காணலாம். அது வெறும் அழகுக்கன்று. அம்மண் வெயிலையும் தடுத்தது, கூரையில் தீப்பிடித்தால் அது கீழே இறங்குவதையும் தாமதப்படுத்தியது. பழுது பார்க்கும்போது அதைப் பாரமென்று சுரண்டி எறிவது தவறு. உத்திரம் உறுதியாக இருக்குமளவும் அது இருக்கலாம்.

தகட்டுக் கூரையுள்ளவர்கள் மேற்புறத்தில் சுண்ணாம்பு வெள்ளை அடிப்பதும், அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கிற் பாயைத் தளமாகக் கட்டுவதும் செலவு குறைந்த முறைகள். தகட்டின் அனலைப் பாய் தடுக்கும். இடைவெளியிலுள்ள சூடேறிய காற்று மேலே வெளியேறும். அவ்விடைவெளியில் வைக்கோலையோ உமியையோ அடைப்பது கூடாது. உஷ்ணத்தை அது தடுப்பது மெய்யே. ஆயினும் எலி குடியேறும், ஒரு பொறி விழுந்தால் உமி உள்ளுக்குள்ளேயே நெடுநேரம் கனன்றிருக்கும்.

உஷ்ணத்தைத் தடுப்பது ஒரு வேலை, காற்றைப் போக்குவது மற்றொரு வேலை. ஒன்றைச் செய்ததால் மற்றது நிறைவேறிவிட்டதென்று எண்ணுவதே பொதுவான பிழை. எலிக்கும் பறவைக்கும் பயந்து முகட்டின் இரு கோடியிலுமுள்ள துவாரங்களைச் செங்கல்லால் அடைத்துவிடுகிறார்கள். அதன்பின் பகலின் சூடு உள்ளேயே தங்குகிறது. மார்கழி, தை இரவுகளில் தகடு குளிர்ந்து, அடுக்களையிலிருந்து ஏறும் நீராவி அதன் அடிப்புறத்தில் முத்து முத்தாகப் படிந்து மூட்டைகளின்மேல் சொட்டுகிறது. கூரை ஒழுகுவதாக எண்ணி மழையில்லா நாளில் ஓட்டை தேடியவர்களும் உண்டு. துவாரங்களைத் திறந்து, கால் அங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிப்பதே முறை. சுண்டெலியும் அதில் நுழையாது. காற்றுப் புக இறவாரத்தின் அடியிலும், வெளியேற முகட்டின் அருகிலும் வழி வேண்டும். ஒரு பக்கத்து வழி மட்டும் பயன்படாது. அமெரிக்க நாட்டுக் கட்டட விதிகளில் பரண் பரப்பில் 150-இல் ஒரு பங்கு திறப்பு வேண்டுமென்று பொதுவாகக் கூறப்பட்டிருக்கிறது. 300 சதுர அடிப் பரணுக்கு அது 2 சதுர அடியாகும். நம் நாட்டு வெயிலுக்கு அதற்கு மேலும் இருப்பது நன்று.

விறகடுப்புப் புகை பரண் வழியே சென்ற காலத்தில், அடுப்புக்கு மேலே தொங்கிய சோளக் கதிரில் வண்டு எளிதில் அண்டாதென்பது கிராமத்தார் அறிந்தது. எரிவாயு அடுப்பு வந்தபின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் நன்மை உண்டாயிற்று. பரணுக்கு அந்தக் காவல் போயிற்று. ஆகவே இப்போது ஏறிப் பார்ப்பது முன்னிலும் அவசியமாகிறது.

ஆண்டுக்கு இருமுறை, விதையை ஏற்றுமுன் ஒரு முறையும் மழைக்காலத்துக்கு முன் ஒரு முறையும் பரணைச் சோதிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் காலையில் செய்வது நலம். முதலில் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். காடா விளக்கும் மெழுகுவர்த்தியும் உதவா. டார்ச்சு விளக்கையே கொண்டுபோக வேண்டும். ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள, உத்திரத்தின்மேல் கால் வைத்தே நகர வேண்டும். சிமெண்டுத் தகட்டின்மீது நேராக நடந்து, அது உடைந்து விழுந்து மாண்டவர் பலர். கூரைமேல் செல்ல நேர்ந்தால் சட்டங்களின் குறுக்கே பலகை போட்டுக்கொள்ளல் வேண்டும். பழைய சிமெண்டுத் தகடுகளில் கல்நார் கலந்திருக்கும். அதன் தூசி நுரையீரலுக்குத் தீராத கேடு செய்வதாகையால், அறுப்பதும் துளையிடுவதும் வேண்டாம். வௌவால், புறா இவற்றின் எச்சம் கிடந்தால் மூக்கையும் வாயையும் நன்கு மூடிக்கொண்டு, தண்ணீர் தெளித்தபின் வார வேண்டும். மூட்டைக்கு அடியில் கையை விடாமல் கோலால் அசைத்துப் பார்ப்பது பாம்புக்கான எச்சரிக்கை.

டார்ச்சை அணைத்துச் சிறிது நேரம் இருட்டில் இருந்தால், ஓட்டில் உள்ள பிளவுகள் வெளிச்சப் புள்ளிகளாகத் தோன்றும். நீர் சொட்டிய இடத்திற்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அரிது. நீர் கைமரத்தின் வழியே ஓடிவந்து சொட்டுவதால், கறையைத் தொடர்ந்து முகட்டை நோக்கித் தேட வேண்டும். மரத்தின்மேல் மண்ணாலான குழாய் போன்ற கோடு ஏறியிருந்தால் அது கறையான். மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் அது துளைக்கும் வண்டு. கத்தி முனையால் உத்திரத்தின் சுவரோரக் கோடிகளைக் குத்திப் பார்த்தால் உளுத்தது தெரியும். 60 கிலோ மூட்டை பத்து சேர்ந்தால் 600 கிலோ. அதை நடு உத்திரத்தின்மேல் குவியாமல் சுவரோரமாகப் பரப்பி வைக்க வேண்டும். எலி கடித்த மின்கம்பி, நாடா சுற்றிய இணைப்பு, மூட்டைக்கு அடியில் புதைந்த கம்பி ஆகிய மூன்றும் தீக்கு வித்துக்கள். இவற்றை உரிமம் பெற்ற மின்தொழிலாளியைக் கொண்டு மாற்றாமல் மெயின் சுவிட்சைத் திரும்பவும் போடலாகாது.

எல்லாவற்றினும் பெரிய அபாயம் ஒரு சிறு மாத்திரையில் இருக்கிறது. வண்டுக்கென்று அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைப் பரண் மூட்டைகளில் செருகி வைப்போர் இன்னமும் உளர். 3 கிராம் மாத்திரை ஒன்று, காற்றின் ஈரம் பட்டதும் ஏறக்குறைய 1 கிராம் பாஸ்பீன் வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு காற்றைக் காட்டிலும் சற்றுக் கனமானது. பலகை இடுக்குகள் வழியாகக் கீழறைக்கு இறங்கி, கதவைச் சாத்தி உறங்கும் குழந்தைகளையே முதலில் தாக்கும். வாந்தி, தலைவலி, மூச்சுத் திணறல் உண்டாகும். உணவின் கேடென்று எண்ணி வீட்டிலேயே வைத்தியம் செய்து உயிர் போனதும் உண்டு. இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இல்லை. பூண்டு நாற்றமோ அழுகிய மீன் நாற்றமோ வீட்டில் வீசினால் உடனே யாவரையும் வெளியேற்றி, பாதிக்கப்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்று, மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாற்றமில்லை என்பதால் வாயு இல்லை என்று நம்பலாகாது. மாத்திரைமேல் தண்ணீர் ஊற்றினால் தீப்பற்றலாம். மக்கள் வசிக்கும் வீட்டில் இதை எக்காரணத்தாலும் உபயோகிக்கக் கூடாது; பயிற்சி பெற்றவர்கள் தனிக் கிடங்கில் செய்ய வேண்டிய வேலை இது.

வீட்டு விதைக்கு வேறு வழி உண்டு. நெல்லை ஈரம் 13 பங்குக்கு மேற்படாமல் காயவைத்து, ஆறவிட்டு, காற்றுப் புகாத பாத்திரத்தில் நிரப்பி மூடினால் வண்டு மூச்சுக்கின்றி மடியும். உளுந்தும் நிலக்கடலையும் 9 பங்குக்கு இறங்க வேண்டும். பாத்திரத்தைப் பரணில் வைக்காமல், வீட்டின் குளிர்ந்த அறையில் தரையினின்று உயர்த்திய பலகைமேல் வைப்பது சிறந்தது. இடமின்றிப் பரணிலேயே வைப்பவர்கள், ஆனி மாதத்தில் நூறு நெல்லை எண்ணி எடுத்து, நனைத்த சாக்கில் சுருட்டி, ஈரம் உலராமல் ஏழெட்டு நாள் காத்துப் பார்க்க வேண்டும். 80-க்குக் குறைவாக முளைத்தால், நாற்றங்கால் உழுமுன்பே வேறு விதைக்கு ஏற்பாடு செய்துகொள்ள அவகாசம் இருக்கும்.