பூட்டு பெரிசு, நாதாங்கி சிறுசு

கோடை விடுமுறையோ தீபாவளியோ நெருங்கினால் ஹார்டுவேர் கடையில் பூட்டு வியாபாரம் சூடு பிடிக்கும். கையில் தூக்கிப் பார்த்து, கனமாக இருந்தால் வாங்கிவிடுவோம். "ஏழு லீவர் சார், கள்ளச்சாவி போடவே முடியாது" என்பார் கடைக்காரர். அதில் பொய்யில்லை. ஆனால் கள்ளச்சாவி போட்டுத் திறக்கிற பொறுமை எந்தத் திருடனுக்கு இருக்கிறது?

'பூட்டை உடைத்துத் திருட்டு' என்று பேப்பரில் படிக்கிறோம். பல வீடுகளில் உடைவது பூட்டே இல்லை, அதைத் தாங்குகிற நாதாங்கிதான். அரை அங்குலத் திருகாணி நான்கு, மழையிலும் வெயிலிலும் ஊறிக் காய்ந்த மரத்தில் எவ்வளவு பிடிக்கும்? கடப்பாரை நுனியை இடுக்கில் செருகி ஒரு நெம்பு நெம்பினால் நாதாங்கி திருகாணியோடு பெயர்ந்து வரும். ஏழு லீவர் பூட்டு கீறல்கூட விழாமல் அதிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். பூட்டுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை ஆசாரிக்குக் கொடுத்து, கதவைத் துளைத்து உள்பக்கம் நட்டு முடுக்கிய போல்ட் போடச் சொல்லுங்கள். அப்படியே மொட்டை மாடிக் கதவையும் கொல்லைக் கதவையும் ஒரு தடவை தோளால் தள்ளிப் பாருங்கள். வாசலுக்குத் தேக்கு, மாடிக்கு பிளைவுட் என்பதுதானே நம் கட்டட சாஸ்திரம்!

வெளியே தொங்கும் பூட்டில் இன்னொரு வம்பும் உண்டு. உள்ளே ஆள் இல்லை என்பதைத் தெருவுக்கே அறிவித்துவிடும். கதவோடு பதித்த பூட்டு அதைக் காட்டிக்கொடுக்காது.

"லைட்டைப் போட்டுட்டுப் போனா ஆள் இருக்கறதா நினைப்பான்." ராத்திரிக்குச் சரி. காலை பதினொரு மணிக்கும் வாசல் பல்பு எரிந்துகொண்டிருந்தால் அதை அணைக்க ஆளில்லை என்றுதானே அர்த்தம்? நோட்டம் பார்க்கிறவன் பகலில் வருகிறான். கேட்டில் செருகிய பேப்பர் கட்டு, பையிலேயே புளித்துப்போன பால் பாக்கெட், நாலு நாள் பழைய கோலம் எல்லாம் அவன் கண்ணில் படும். பாலையும் பேப்பரையும் நிறுத்திவிட்டு, "அக்கா, வாசல்ல மட்டும் கொஞ்சம் தண்ணி தெளிச்சு ஒரு புள்ளி வெச்சிடுங்க, சாயங்காலம் லைட்டைப் போட்டு காலையில அணைச்சிடுங்க" என்று எதிர்வீட்டில் சொல்லிப் போவது எந்தக் கருவியைவிடவும் பலமான காவல். ஆனால் எதிர்வீட்டாரிடம் சொல்லத் தயங்குகிறவர்கள்தான் ஏர்போர்ட்டில் நின்று குடும்பத்தோடு ஸ்டேட்டஸ் போடுகிறார்கள்.

செருப்பு ஸ்டாண்டு, மீட்டர் பெட்டி, பூந்தொட்டி: 'நமக்கு மட்டுமே தெரிந்த' சாவி மறைவிடங்கள் தமிழ்நாடு முழுக்க இவைதான். பீரோவைப் பூட்டி, சாவியை அதன் தலைமேலேயே வைப்பதைப் பற்றி என்ன சொல்ல?

கேமரா இருந்தால் பயமில்லை என்பதும் பாதி உண்மைதான். அது திருட்டைத் தடுப்பதைவிட, நடந்த பிறகு துப்புத் துலக்கவே அதிகம் உதவும். பதிவாகும் பெட்டியை டிவிக்குக் கீழே பார்வையாக வைத்தால் அந்த உதவியும் இல்லை. போகும்போது அதையும் கழற்றிக்கொண்டு போவான்.

அப்படியானால் பேங்க் லாக்கர்? வீட்டு பீரோவைவிடப் பத்திரம்தான், சந்தேகமில்லை. ஆனால் 'உள்ளே வைத்ததற்கெல்லாம் பேங்க் பொறுப்பு' என்பது தவறு. உள்ளே என்ன இருக்கிறது என்பதே பேங்குக்குத் தெரியாது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றில் பொருள் போனால், பேங்கின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு. 2022 ஜனவரி 1 முதல் ரிசர்வ் வங்கி விதி இது. ஆண்டு வாடகை 3,000 ரூபாய் என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் சில பவுன்தான் தேறும்.

"நான் வீட்டிலேயேதான் இருக்கிறேன், யார் வந்து திருடுவான்?" என்கிற பெரியவர்களிடம்தான் இப்போது பெரிய தொகைகள் போகின்றன. யூனிஃபார்ம் போட்டவர் வீடியோ காலில் வந்து, "உங்க பேர்ல பார்சல் வந்திருக்கு, டிஜிட்டல் அரெஸ்ட்" என்பார். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் எங்குமே இல்லை. போனை வைத்துவிடலாம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு ஒளிக்காமல் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வாய்ப்பு.

சரி, ஊரிலிருந்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது. பதறிப்போய் எல்லோரும் உள்ளே ஓடி, பீரோவைக் குடைந்து, என்னென்ன போயிற்று என்று கணக்கெடுத்துவிட்டுத்தான் போலீஸைக் கூப்பிடுகிறோம். திருடன் உள்ளேயே இருக்கலாம் என்பது ஒருபக்கம். அவனுடைய கைரேகைமேல் நம் வீட்டுக் கைகள் எல்லாம் பட்டுவிடும் என்பது இன்னொன்று. 1897-இல் கொல்கத்தாவில் உலகின் முதல் கைரேகைப் பிரிவைத் தொடங்கிய நாடு இது. வாசலிலேயே நின்று 100 அல்லது 112-ஐ அழையுங்கள்.

ஸ்டேஷனில் ரசீது கொடுத்துவிட்டால் கேஸ் போட்டாயிற்று என்று நினைப்பவர்கள் ஏராளம். சி.எஸ்.ஆர். என்கிற அந்த ரசீது, மனு வந்து சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவே. வழக்கு என்பது எஃப்.ஐ.ஆர். வீடு புகுந்து திருடுவது போன்ற குற்றங்களுக்கு அதைப் பதிந்தே ஆகவேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. "இது எங்க லிமிட் இல்லை" என்ற பதிலும் செல்லாது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவுப்படி எந்த எல்லையில் நடந்த குற்றத்தையும் எந்த ஸ்டேஷனிலும் சொல்லலாம். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

மீட்ட நகை கோர்ட்டில் வருஷக்கணக்கில் முடங்கும் என்று புகாரே கொடுக்காதவர்களும் உண்டு. போட்டோ எடுத்து, உத்தரவாதம் வாங்கிக்கொண்டு பொருளை உரியவரிடம் சீக்கிரம் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-லேயே ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழி சொல்லியிருக்கிறது. ஆனால் அது உங்கள் நகைதான் என்று நீங்கள் காட்ட வேண்டும். ஆகவே இன்றைக்கே பீரோவைத் திறந்து, திருகாணி மாற்றிய தோடு, பற்றவைத்த சங்கிலி, பேர் வெட்டிய மோதிரம் என்று ஒவ்வொன்றையும் அந்த அடையாளம் தெரியும்படி போனில் படமெடுத்து, பில்லோடு சேர்த்து மகளுக்கோ மருமகனுக்கோ அனுப்பி வையுங்கள்.