உரசல் கரண்ட்: பாலிமரில் என்ன கலந்தால் எவ்வளவு கூடும்?



தலை வாரிய சீப்பால் காகிதத் துண்டை இழுத்து விளையாடாதவர் நம்மில் யார்? அந்த விளையாட்டையே ஒரு ஜெனரேட்டராக மாற்றியவர் அப்போது அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகப் பேராசிரியராக இருந்த ஜோங் லின் வாங். 2012-இல் அவருடைய குழுவினர் காப்டன் ஷீட் ஒன்றையும் பாலியஸ்டர் ஷீட் ஒன்றையும் முகத்துக்கு முகம் வைத்தார்கள். இரண்டின் வெளிப்புறத்திலும் மெல்லிய தங்கப் பூச்சு. அழுத்தி விட்டதும் 3.3 வோல்ட் வரை வந்தது. பெயர்தான் டிரைபோ எலக்ட்ரிக் நானோ ஜெனரேட்டர் என்று பயமுறுத்தும். உள்ளே காந்தமும் கிடையாது, காயிலும் கிடையாது.

வேலை செய்யும் விதம் எளிது. வேறு வேறான இரண்டு பொருள்கள் தொட்டுப் பிரிந்தால் ஒன்றில் பாஸிட்டிவ், மற்றதில் நெகட்டிவ் மின்னூட்டம் தங்கிவிடும். நைலானும் கண்ணாடியும் பாஸிட்டிவ் பக்கம். டெஃப்லானும் சிலிக்கோன் ரப்பரும் நெகட்டிவ் பக்கம். ஷீட்டுகள் விலகும்போது பின்புற எலக்ட்ரோடுகளுக்கு இடையே வோல்டேஜ் ஏறி, வெளி வயரில் கரண்ட் ஓடும். மறுபடி அழுத்தினால் திரும்பி ஓடும். ஆக, கிடைப்பது ஏ.சி.

இப்போது கணக்குக்கு வருவோம். 5 சென்டிமீட்டர் சதுர ஷீட், சதுர மீட்டருக்கு 10 மைக்ரோகூலும் மின்னூட்டம், 1 மில்லிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த சுற்று வோல்டேஜ் சுமார் 1,130! அடேயப்பா என்று வாயைப் பிளக்க வேண்டாம். ஷீட்டில் உள்ள மொத்த சார்ஜ் வெறும் 25 நானோகூலும்தான். நாலு டையோடு பிரிட்ஜ் போட்டு ஒரு 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை சார்ஜ் பண்ணினால், ஒரு தட்டலுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 50 நானோகூலும், அதாவது 5 மில்லிவோல்ட் ஏறும். 3 வோல்ட் வர, ஒரு துளிகூட வீணாகாவிட்டாலும், 600 தடவை தட்டணும். அப்படிச் சேர்ந்த 45 மைக்ரோஜூலில் 40 மில்லிவாட் எல்.இ.டி. சுமார் ஆயிரத்தில் ஒரு விநாடி எரியும். நடந்தே செல்போனை சார்ஜ் ஏற்றலாம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். எப்போதாவது ஒரு தகவல் அனுப்பும் சென்சாருக்கு வேண்டுமானால் சரி.

அதனால்தான் சார்ஜைக் கூட்டுவது எப்படி என்பதில் இத்தனை ஆராய்ச்சி. பவர் சார்ஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. சார்ஜ் இரண்டு மடங்கானால் பவர் நாலு மடங்கு.

இங்கேதான் கலப்புப் பாலிமர் வருகிறது. தொட்டிருக்கும் நேரத்தில் ஷீட் ஒரு கெபாசிட்டர் மாதிரி. மின்கடத்தா மாறிலி கூடினாலும், தடிமன் குறைந்தாலும், தாங்கும் சார்ஜ் கூடும். பி.டி.எம்.எஸ். என்ற சிலிக்கோன் ரப்பரின் மாறிலி 2.7, ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டுக்கோ சுமார் 300. கலந்தால் எங்கேயோ போய்விடும் என்றுதான் தோன்றும். ஆனால் மேக்ஸ்வெல்-கார்னெட் சூத்திரப்படி, கன அளவில் 10 சதவீதம் கலந்தால் 2.7 என்பது 3.6 ஆகும், அவ்வளவுதான்! துகள்கள் தனித்தனித் தீவுகளாக நிற்க, மின்புலம் பெரும்பாலும் ரப்பரிலேயே விழுகிறது.

அப்படியிருந்தும் 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், 10 சதவீதம் இந்தத் துகளும் 15 சதவீதம் நுண்துளைகளும் உள்ள ஷீட், சாதா ஷீட்டைவிட 5 மடங்குக்கு மேல் பவர் கொடுத்தது. துளைகள் இருப்பதால் அழுத்தும்போது ஸ்பாஞ்சு மாதிரி அமுங்கித் தடிமன் குறைகிறது. சார்ஜ் 2.2 மடங்கு ஏறினாலே பவர் 5 மடங்குதானே? துகளை மேலும் மேலும் கொட்டினால் அது மேற்பரப்பில் தலைகாட்டி, உரசும் ரப்பர்ப் பரப்பைக் குறைத்துவிடும். சார்ஜ் மறுபடி இறங்கும்.

ப்ராஜெக்ட் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். 10 சதவீதம் என்பது கன அளவு, எடை அல்ல. துகளின் அடர்த்தி 5.1, ரப்பருடையது ஏறக்குறைய 1. எடையில் சொன்னால் கிட்டத்தட்ட 36 சதவீதம். 100 கிராம் கலவைக்கு 10 கிராம் மட்டும் போட்டால் கன அளவில் 2 சதவீதம்தான் தேறும். அடர்த்தி அதிகமாதலால் துகள் அடியில் படிந்துவிடும். நன்றாகக் கலக்கி, காற்றுக் குமிழை எடுத்து, தாமதிக்காமல் ஓவனில் வைக்க வேண்டும்.

சார்ஜுக்கு மேல் வரம்பு போடுவது பெரும்பாலும் காற்றுதான். குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் இடைவெளியிலேயே பொறி பறந்து சார்ஜ் போய்விடும். 2017-இல் உயர் வெற்றிடத்தில், அடியில் ஒரு ஃபெர்ரோ எலக்ட்ரிக் அடுக்கும் வைத்து, சதுர மீட்டருக்கு 1,003 மைக்ரோகூலும் எட்டினார்கள். நம் லேபில் வெற்றிடத்துக்கு எங்கே போவது! ஈரக்காற்றிலும் சார்ஜ் கசிந்து போகும் என்பதால், ஷீட்டைத் துடைத்து உலர்த்தி, மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் தட்ட வேண்டும்.

சாதாரண மல்டிமீட்டரை நேராக வைத்து வோல்டேஜ் பார்க்காதீர்கள். அதன் 10 மெகாஓம் இந்த ஜெனரேட்டருக்குக் கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட் மாதிரி. பிரிட்ஜும் கெபாசிட்டரும் போட்டு, நூறு தட்டலுக்கு எத்தனை வோல்ட் ஏறியது என்று பார்த்து, உடனே மீட்டரை எடுத்துவிடுங்கள். சாதா ஷீட்டுக்கும் கலப்பு ஷீட்டுக்கும் அதே பரப்பு, அதே தட்டல், அதே நாள்.