கடலோர வீட்டில் நினைவு நாணயங்கள்: சில பயனுள்ள குறிப்புகள்

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் ஜன்னல் கம்பியே சீக்கிரம் துருப்பிடித்துவிடும். அங்கே நினைவு நாணயம் சேர்ப்பவர்கள் உப்புக்காற்றுக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்.

1. புளி, விபூதி, பற்பசை போட்டுத் தேய்க்கவே கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி. நாணயத்தில் கீறல் விழுந்தால் மதிப்பு போய்விடும்.

2. விளிம்பைப் பிடித்தே எடுங்கள். பளபளப்பான நாணயத்தில் பதிந்த கைரேகை நாளடைவில் பழுப்பேறி அப்படியே நின்றுவிடும்.

3. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். 2017 எம்.ஜி.ஆர். நூற்றாண்டு நூறு ரூபாய் நாணயத்தில் பாதி வெள்ளி, 40 சதவீதம் செம்பு; ஆகவே கறுப்பும் ஏறும், பச்சையும் பூக்கும்.

4. மெத்தென்று, பிளாஸ்டிக் வாடை அடிக்கும் ஆல்பம் உறைகள் பி.வி.சி. வெயில் காலத்தில் நாணயத்தின் மேல் பச்சைப் பிசுக்கு படியும். கெட்டியான நாணயக் குப்பிகளில் போட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பொட்டலத்தை மாற்றிவிடுங்கள்.

5. செம்பு நாணயத்தில் பச்சை தெரிந்தால் பல்குச்சியால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஒட்டியிருந்தால் பயமில்லை. அது பழமையின் நிறம். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் உப்பு உள்ளே இறங்கி உலோகத்தை அரிக்கிறது என்று அர்த்தம். அந்த நாணயத்தை உடனே தனி டப்பாவுக்கு மாற்றி, ஈரம் படாமல் வையுங்கள்.

6. கடையில் வாங்கும் சில்லறையைப் புரட்டிப் பாருங்கள். 1995 உலகத் தமிழ் மாநாட்டுத் திருவள்ளுவர், அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு வந்த நூற்றாண்டு ஐந்து ரூபாய், 2010 தஞ்சைப் பெரிய கோயில் ஐந்து ரூபாய் கிடைத்தால் விடாதீர்கள். தொடங்குகிறவர்களுக்கு இவைதான் என் சிபாரிசு. நூறு, ஆயிரம் ரூபாய் நாணயங்கள் புழக்கத்துக்கு வருவதில்லை. அரசு நாணயச்சாலையின் விற்பனை வழியே வாங்க வேண்டும்.

7. ஐவரி கோஸ்ட், பெனின், டோகோ பெயரில் வரும் வண்ண வண்ண நாணயங்கள் பார்க்க அழகாக இருக்கும். பெனின் பெயரில் வாசனை வரும் நாணயம்கூட வந்திருக்கிறது! ஆனால் அந்த நாட்டுச் சந்தைகளில் அவை புழங்குவதில்லை. அங்கே செல்லுவது சி.எஃப்.ஏ. ஃபிராங்க். இந்த வண்ண நாணயங்கள் பெரும்பாலும் சேகரிப்பாளர்களுக்கென்றே தனியார் நிறுவனங்கள் விற்பவை. எடை எவ்வளவு, வெள்ளியா, வெள்ளி முலாமா என்று கேட்டு, பிடித்திருந்தால் வாங்குங்கள். பின்னால் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

8. மாமல்லபுரம் கடற்கரையில் 'பல்லவர் காசு' என்று யாராவது நீட்டினால் ஒதுங்கிவிடுங்கள். போலி என்றால் பணம் போகும். அசல் என்றால் சட்டச் சிக்கல் வரும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயம் 1972 சட்டப்படி தொல்பொருள். வெளிநாட்டு உறவினருக்குக் கொடுத்தனுப்பக் கூடாது. மண்ணில் புதையலாகக் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். பல்லவர் காசு பார்க்க ஆசையென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள்.

9. 'உங்கள் பழைய நாணயத்தை லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்' என்று ரிசர்வ் வங்கி பெயரில் போன் வந்தால் துண்டித்துவிடுங்கள். அப்படி யாரையும் நியமிக்கவில்லை என்று 2021-லேயே அந்த வங்கி எச்சரித்திருக்கிறது.