பாடம் இருக்கிறது, விபரம்தான் இல்லை! – மெட்டா டேட்டா ஓர் அறிமுகம்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் துறைமுகத்தை நோக்கி வரிசையாகச் செல்லும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு பெட்டியின் மீதும் 4 எழுத்துகளும் 7 எண்களும் எழுதப்பட்டிருக்கும். முதல் 3 எழுத்துகள் பெட்டியின் உரிமையாளரைக் காட்டும். 4-வது எழுத்து பெட்டியின் வகை. அடுத்த 6 எண்கள் வரிசை எண். கடைசி எண், மற்றவை சரியாகப் பதிவாகியுள்ளனவா எனச் சோதிப்பதற்கு. சென்னையில் ஏற்றிய பெட்டியை, திறந்து பார்க்காமலே சிங்கப்பூரில் அடையாளம் கண்டு கொள்வார்கள். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற ஒரே முறையை எல்லாத் துறைமுகங்களும் பின்பற்றுவதே காரணம்.

இன்டர்நெட்டில் உள்ள பாடங்களுக்கும் இப்படி ஒரு முறை வேண்டும். ஓர் ஆசிரியர் அருமையாக ஒரு பவர்பாயின்ட் பாடம் தயாரித்து, "லெசன்1 பைனல் நியூ" எனப் பெயரிட்டு ஏற்றி விடுகிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? அடுத்த தெருவில் உள்ள மாணவருக்கே அது கிடைக்காது.

மெட்டா டேட்டா என்றால் என்ன?

ஒரு பைலைப் பற்றிய விபரங்களையே மெட்டா டேட்டா என்கிறோம். நூலகத்தில் புத்தகம் வேறு, அதன் விபரம் எழுதிய அட்டை வேறு அல்லவா? அந்த அட்டைதான் இது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஒரு புத்தகத்தை ஒரே தலைப்புக்குள் அடைக்காமல், எதைப் பற்றியது, எந்த இடம், எந்தக் காலம் எனக் கூறு கூறாகப் பிரித்துக் குறிக்கிறது. மெட்டா டேட்டாவும் அப்படித்தான். தனித்தனிக் கட்டங்களாக இருக்கும்.

எந்தக் கட்டங்கள்?

1995-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் நகரில் நூலகத் துறையினரும் கம்ப்யூட்டர் வல்லுநர்களும் கூடிப் பேசினர். அதிலிருந்து உருவானது டப்ளின் கோர். தலைப்பு, ஆக்கியவர், பொருள், தேதி, மொழி, உரிமை என மொத்தம் 15 கட்டங்கள். 2003-ல் இது ஐ.எஸ்.ஓ. தரமானது.

ஆனால் பாடம் என்றால், எந்த வகுப்புக்கு, எவ்வளவு நேரம் என்பனவும் தெரிய வேண்டும். இதற்காக 2002-ல் ஐ.இ.இ.இ. அமைப்பு எல்.ஓ.எம். என்ற தரத்தை வெளியிட்டது. இதில் 70-க்கும் மேற்பட்ட கட்டங்கள் உள்ளன. அத்தனையையும் பொறுமையாக நிரப்புவது யார்? எனவே 2011-ல் எல்.ஆர்.எம்.ஐ. என்ற எளிய முறைக்கான பணி தொடங்கியது. தேடல் நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ஸ்கீமா.ஆர்க் தொகுப்பில் 2013-ல் இது சேர்க்கப்பட்டது.

நம் நாட்டில்...

ஐ.ஐ.டி. கரக்பூர் உருவாக்கி, 2018-ல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட தேசிய டிஜிட்டல் நூலகம், டப்ளின் கோர் உள்ளிட்ட தரங்களை இணைத்துப் பயன்படுத்துகிறது. 2017-ல் தொடங்கப்பட்ட திக்ஷா தளத்தில் போர்டு, மீடியம், வகுப்பு, பாடம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்துத் தேடலாம். 2018-ல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாட நூல்களில் உள்ள கியூ.ஆர். கோடு, அச்சிட்ட பக்கத்தை அதற்குரிய டிஜிட்டல் பாடத்துடன் இணைக்கிறது. பின்னால் விபரங்கள் ஒழுங்காகப் பதிவாகியிருந்தால்தான் இவை எல்லாம் வேலை செய்யும்.

கட்டம் இருந்தால் போதுமா?

போதாது. ஒருவர் "சமூக அறிவியல்" என்பார். இன்னொருவர் "சோஷியல்" என்பார். ஒருவர் "ராயபுரம்" என்றும், மற்றவர் "இராயபுரம்" என்றும் எழுதுவார். நமக்கு ஒன்றுதான், கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. 03-04-2008 என்பது ஏப்ரல் 3 ஆ, மார்ச் 4 ஆ? ஆகவே, கட்டத்தின் பெயரில் மட்டுமல்ல, உள்ளே எழுதும் சொல்லிலும் எல்லோரும் உடன்பட வேண்டும். இதற்காகத்தான் சொற்பட்டியல் ஒன்றை முன்பே தயாரித்து, அதிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். தேதிக்கு ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசை வைத்துக் கொண்டால் குழப்பம் இல்லை.

தமிழுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் டைப் செய்ததால், ஒருவர் எழுதிய தலைப்பை மற்றவர் தேட முடியவில்லை. இப்போது யூனிகோட் இருக்கிறது. விபரங்களை அதிலேயே டைப் செய்யுங்கள்.

செய்து பாருங்கள்

1856-ல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையம் பற்றி நீங்கள் ஒரு பாடம் தயாரித்திருப்பதாக வைத்துக் கொள்வோம். அதன் அட்டை இப்படி இருக்கலாம்:

தலைப்பு: ராயபுரம் ரயில் நிலைய வரலாறு
ஆக்கியவர்: உங்கள் பெயர்
பாடம்: சமூக அறிவியல்
வகுப்பு: 8
மொழி: தமிழ்
வகை: பவர்பாயின்ட் பாடம்
நேரம்: 20 நிமிடம்
இடம்: ராயபுரம், இராயபுரம், சென்னை
உரிமை: ஆக்கியவர் பெயருடன் யாரும் பயன்படுத்தலாம்

இடம் என்ற கட்டத்தில் இரண்டு எழுத்து முறைகளும் இருப்பதைக் கவனியுங்கள். எப்படித் தேடினாலும் கிடைக்கும். உரிமைக் கட்டத்தை விட்டு விடாதீர்கள். அது காலியாக இருந்தால், பாடத்தைக் கண்டுபிடித்த ஆசிரியரும் நகல் எடுக்கத் தயங்குவார்.

இதனை பைலிலேயே பதிய:

1. பைல் மீது ரைட் கிளிக் செய்து புராபர்ட்டீஸ் தேர்ந்தெடுங்கள்.
2. டீடெய்ல்ஸ் டேபைக் கிளிக் செய்யுங்கள்.
3. டைட்டில், சப்ஜெக்ட், டேக்ஸ், ஆதர்ஸ் ஆகியவற்றின் எதிரே கிளிக் செய்து டைப் செய்யுங்கள். வகுப்பு, நேரம், உரிமை போன்றவற்றை கமென்ட்ஸில் எழுதலாம்.
4. ஓகே கொடுங்கள்.

லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துபவர்கள் பைலைத் திறந்து, பைல் மெனுவில் புராபர்ட்டீஸ் சென்று, டிஸ்கிரிப்ஷன் டேபில் இவற்றைத் தரலாம்.

பள்ளியிலோ டியூஷனிலோ நாலைந்து பேர் சேர்ந்து பாடங்கள் தயாரிப்பதாக இருந்தால், முதலில் ஒரு தாளில் கட்டங்களையும் சொற்பட்டியலையும் எழுதி, எல்லோருக்கும் ஒரு நகல் கொடுத்து விடுங்கள். 10 பாடங்கள் இருக்கும்போது இது அரை மணி நேர வேலை. 1,000 பாடங்கள் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துத் திருத்துவது என்றால், யாரும் முன்வர மாட்டார்கள்.