மென்பொருளின் மடைகள்

நுழையும்முன்

வணிகரின் கணக்கேடு இன்று கணினித் திரைக்கு இடம் மாறிவிட்டது. ஆயினும், ஒரு வணிகத்தின் எல்லாத் தேவைகளையும் ஒரே மென்பொருளால் நிறைவு செய்ய இயலுவதில்லை. எனவே, ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்குள் பிற நிறுவனங்களின் இணையச் செயலிகளைப் பதித்துப் பயன்படுத்தும் முறை வளர்ந்துள்ளது. அம்முறை இயங்கும் விதத்தையும் அதில் கொள்ள வேண்டிய விழிப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

தோவாளையில் ஒரு விடியல்

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளை மலர்ச்சந்தை பொழுது புலரும் முன்பே விழித்துக்கொள்ளும். பிச்சியும் மல்லிகையும் அரளியும் சம்பங்கியும் அங்கே குவியும். ஓணக் காலத்தில் கேரளத்திற்குச் செல்லும் பூக்களின் அளவு பெருகும். பூ வாடுவதற்குள் விற்றாக வேண்டும் என்பதே அச்சந்தையின் விதி.

அங்கு மொத்த வணிகம் செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். வாடிக்கையாளர் பட்டியல் அவரிடம் ஒரு மென்பொருளில் இருக்கிறது. பூ ஏற்றிய வண்டி செல்லும் வழியை நிலப்படச் செயலி காட்டுகிறது. பணம் வந்த செய்தியை வேறொரு செயலி தெரிவிக்கிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து பார்ப்பதற்குள் நேரம் கரைகிறது. ஒன்றில் கண்ட எண்ணை மற்றொன்றில் கையால் பதியும்போது 40 கிலோ என்பது 400 கிலோ ஆகிவிடலாம். இம்மூன்றும் ஒரே திரையில் கூடினால் இவ்விடர் நீங்கும்.

சட்டகத்துள் ஒரு பக்கம்

ஓர் இணையப் பக்கத்தினுள் சிறு சட்டகம் அமைத்து, அதில் மற்றோர் இணையப் பக்கத்தைக் காட்ட முடியும். இதனை ‘ஐஃப்ரேம்’ என்பர். 1997இல் வெளியான எச்.டி.எம்.எல். 4.0 தரநிலையில் இது இடம்பெற்றது. வணிகரின் மென்பொருள் பெரிய பக்கம்; நிலப்படச் செயலி அதனுள் அமைந்த சட்டகம்.

எனினும், அருகருகே இருப்பதால் மட்டும் இரண்டும் உறவாடிவிடுவதில்லை. ஓர் இணையத்தளத்தின் நிரல் வேறொரு தளத்தின் தரவைப் படிக்கக்கூடாது என்பது உலவியின் அடிப்படைக் கட்டுப்பாடு. ‘ஒரே மூலக் கொள்கை’ எனப்படும் இதனை 1990களின் நடுப்பகுதியில் நெட்ஸ்கேப் உலவி அறிமுகப்படுத்தியது. இக்கொள்கை இல்லையெனில், ஒரு பக்கத்தில் பதிந்த செயலி அப்பக்கத்திலுள்ள கணக்கு முழுவதையும் படித்துவிடும்.

ஆகவே, எந்த வாடிக்கையாளருக்குரிய வண்டியைக் காட்ட வேண்டும் என்பதை மென்பொருள்தான் சட்டகத்திற்குச் செய்தியாக அனுப்ப வேண்டும். செய்தியைப் பெறும் செயலியும், அது உரிய தளத்திலிருந்துதான் வந்ததா என்று சரிபார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு தளம்

இம்முறைக்கு அயலில் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரில் தொடங்கப்பட்டு, 2009இல் ஜோஹோ எனப் பெயர் மாறிய நிறுவனம் தமிழ்நாட்டில் வேரூன்றியது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறை என்னும் சிற்றூரிலும் அதன் அலுவலகம் இயங்குகிறது. அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில், வெளித்தளம் ஒன்றைத் தனித் தாவலாகச் சேர்த்துக்கொள்ளலாம். ‘விட்ஜெட்’ எனப்படும் சிறு செயலியாகப் பதித்து, வாடிக்கையாளர் விவரங்களோடு உறவாடவும் செய்யலாம். பிறர் உருவாக்கும் இத்தகைய இணைப்புச் செயலிகளுக்கெனத் தனி அங்காடியும் உண்டு. எல்லாவற்றையும் தானே செய்ய முனையாது, பிறர் திறனுக்கும் இடமளிப்பதே ஒரு மென்பொருளைத் தளமாக உயர்த்துகிறது.

மடை கற்பிக்கும் பாடம்

இடமளிப்பதற்கும் அளவு வேண்டும். நாஞ்சில் நாட்டு உழவர்கள் இதனை நன்கு அறிவர். பேச்சிப்பாறை அணையின் நீர் கால்வாய்களின் வழியே வயல்களை அடைகிறது. நீர் வேண்டும் என்பதற்காகக் கரையை வெட்டிவிடுவார் இல்லை. மடையைத் திறந்து, வயலுக்கு வேண்டிய அளவு பாய்ந்ததும் அடைத்துவிடுவர்.

மென்பொருளிலும் அத்தகைய மடைகள் உண்டு. பிறர் செயலிக்கு நம் கடவுச்சொல்லைக் கொடுப்பது கரையை வெட்டுவதற்கு ஒப்பாகும். 2012இல் தரநிலையான ‘ஓஆத் 2.0’ முறை கடவுச்சொல்லுக்கு மாற்றாக ‘டோக்கன்’ எனும் அனுமதிச் சீட்டை வழங்குகிறது. எந்தத் தரவைக் காணலாம், எவ்வளவு காலம் காணலாம் என்னும் வரம்புகளை அச்சீட்டுக்கு விதிக்கலாம். வேண்டாதபோது அதனைத் திரும்பப் பெறவும் இயலும். வண்டியின் வழியைக் காட்டும் செயலிக்குச் சேருமிடம் தெரிந்தால் போதும். வாடிக்கையாளரின் கடன் நிலுவை தெரிய வேண்டியதில்லை.

சட்டகமே சூழ்ச்சிக்குக் கருவியாவதும் உண்டு. கண்ணுக்குப் புலனாகாத சட்டகம் ஒன்றை ஒரு பொத்தானின் மேல் பரப்பி, பயனரை அறியாமலே வேறொன்றைச் சொடுக்க வைக்கும் உத்தி 2008இல் பரவலாக வெளிச்சத்திற்கு வந்தது. அதன்பின், தம் பக்கத்தை யார் சட்டகத்திற்குள் வைக்கலாம் என்று இணையத்தளங்களே அறிவிக்கும் வழிமுறைகள் உலவிகளில் இடம்பெற்றன.

பொறுப்பு யாருடையது?

பூ வாங்குபவர் தம் தொலைபேசி எண்ணை வணிகரை நம்பியே தருகிறார். வணிகர் பதித்துள்ள செயலிகளை அவர் அறியார். 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், தன் சார்பில் பிறர் தரவைக் கையாண்டாலும் அதனைப் பெற்றவரே பொறுப்பாளர் என்கிறது. எனவே, புதிய செயலி ஒன்றை இணைக்கும் முன் ‘இது என்ன செய்யும்?’ என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. ‘இதற்கு எவ்வளவு தெரிய வேண்டும்?’ என்றும் கேட்க வேண்டும். கதவைத் திறப்பது தொழில்நுட்பம்; எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வது மனிதரின் கடமை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுத் திறன்பேசியிலுள்ள செயலி ஒன்று கேட்டுப் பெற்றுள்ள அனுமதிகளைப் பட்டியலிட்டு, அவற்றுள் தேவையற்றவை எவை எனக் காரணத்துடன் எழுதுக.

2. ‘கடவுச்சொல்லைப் பகிர்தலும் அனுமதிச் சீட்டு வழங்கலும்’ – வேறுபடுத்தி வகுப்பறையில் உரையாடுக.