ஷிஃப்டு தொழிலாளர்களின் வயிற்றுக்கு 9 குறிப்புகள்

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் அருகே உள்ள ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் நெடுஞ்சாலையில் மறியல் செய்தார்கள். இருந்தும், அதே வட்டாரத்தில் ஒரகடம், சுங்குவார்சத்திரம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் பலர் எந்த வயிற்றுவலியையும் ‘கேஸ்’ என்று சொல்லி, ஒரு மாத்திரையோடு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். எல்லா வலியும் கேஸ் அல்ல.

1. வாந்தி, பேதிக்கு முதல் மருந்து ஓ.ஆர்.எஸ். கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

2. காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். சிறுநீர் குறைந்து தலை சுற்றினால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

3. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்த வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி, நடந்தாலும் இருமினாலும் கூடுகிறதா? குடல்வால் அழற்சியாக இருக்கலாம். எதுவும் சாப்பிடாமல் அப்போதே கிளம்புங்கள்.

4. மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிறு கடுமையாக வலித்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். இது உயிருக்கே ஆபத்து. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5. நெஞ்சு எரிச்சலோடு வியர்வை, மூச்சுத் திணறல், தாடை அல்லது கை வலி சேர்ந்தால் சோடா குடித்துப் பார்க்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம், 108ஐ அழையுங்கள்.

6. கால் வலி, முதுகு வலிக்கு அடிக்கடி டைக்ளோஃபினாக் போட்டால் வயிறு புண்ணாகலாம். அல்சருக்கு இன்னொரு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டறிந்த பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். இந்தக் கிருமியை ஒழிக்க மருந்து உண்டு, பாதியில் நிறுத்தக் கூடாது. மலம் தார் போலக் கறுத்தால் உள்ளே ரத்தம் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

7. வடித்த சோற்றை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். அதில் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

8. வலி எப்போது, எங்கே தொடங்கியது, என்ன சாப்பிட்டீர்கள், என்ன மாத்திரை போட்டீர்கள் என்று மருத்துவரிடம் வரிசையாகச் சொல்லுங்கள். அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்களுக்கும் முடியவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

9. சம்பளம் போகுமே என்று வலியை மறைக்காதீர்கள். இ.எஸ்.ஐ.யில் உரிய சந்தா கட்டப்பட்டிருந்தால், மருத்துவச் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். ஒப்பந்தத் தொழிலாளருக்கும் இந்த உரிமை உண்டு, கேட்டு வாங்குங்கள்.