பேருந்து தாமதம்: குற்றவாளி ஓட்டுநரா?



காலையில் பள்ளிக்குப் புறப்பட்டு நிறுத்தத்தில் நிற்கிறீர்கள். பத்து நிமிடத்திற்கு ஒரு பேருந்து என்று கால அட்டவணை சொல்கிறது. இருபது நிமிடமாகியும் ஒன்றையும் காணோம். கடைசியில் வருகிறது, அதுவும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு! முதல் வண்டியில் கால் வைக்க இடமில்லை. படிக்கட்டில் மாணவர்கள் தொங்குகிறார்கள். அதன் வாலைப் பிடித்தாற்போல் வரும் இரண்டாவது வண்டியிலோ பாதி இருக்கை காலி. "இத்தனை நேரம் எங்கே தூங்கினீர்கள்?" என்று யாரோ ஒருவர் முதல் வண்டியின் ஓட்டுநரைப் பார்த்துக் கத்துகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கத்தியவர்களுள் நானும் ஒருவன். செய்முறைத் தேர்வு நடத்தச் சென்றுகொண்டிருந்தேன், நேரமாகிவிட்ட கோபம். ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சார், நான் சரியான நேரத்துக்குத்தான் கிளம்பினேன். முன்னாடி போன வண்டி பிரேக்டவுன். அந்த வண்டி ஆளையும் சேர்த்து நான்தான் ஏத்திக்கிட்டு வரேன்" என்றார். அன்று மாலை ஒரு தாளை எடுத்து அவர் சொன்னதைக் கணக்காக எழுதிப் பார்த்தேன். அந்தக் கணக்கை நீங்களும் போடலாம். கூட்டுவட்டி தெரிந்திருந்தால் போதும்.

இரண்டு நிமிடம் வளர்ந்த கதை

ஒரு தடத்தில் 10 நிமிடத்திற்கு ஒரு பேருந்து ஓடுவதாகக் கொள்வோம். ஒவ்வொரு நிறுத்தத்திற்கும் நிமிடத்திற்கு 2 பேர் வீதம் பயணிகள் வருகிறார்கள். ஒருவர் ஏற 3 விநாடி ஆகிறது. இறங்குபவர்களை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒழுங்காக வரும் பேருந்துக்கு ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 பேர் காத்திருப்பார்கள். அவர்கள் ஏற 60 விநாடி ஆகும். அட்டவணையும் இந்த 60 விநாடியைக் கணக்கில் வைத்தே போடப்பட்டிருக்கிறது.

இப்போது ஒரு வண்டி, ரயில்வே கேட் மூடியிருந்ததால் 2 நிமிடம் தாமதமாகிறது. அடுத்த நிறுத்தத்தில், முந்தைய பேருந்து போய் 12 நிமிடம் ஆகிவிட்டது. ஆகவே 20 பேருக்குப் பதில் 24 பேர் நிற்கிறார்கள். அவர்கள் ஏற 72 விநாடி. கூடுதலாகச் செலவான 12 விநாடி தாமதத்துடன் சேர்ந்து, தாமதம் 2 நிமிடம் 12 விநாடியாகிறது. அதற்கடுத்த நிறுத்தத்தில் இன்னும் சற்று அதிகமான ஆட்கள், இன்னும் சற்று அதிகமான தாமதம்.

நன்றாகக் கவனியுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தாமதம் 1.1 மடங்காகிறது. அதாவது நிறுத்தத்திற்கு 10 விழுக்காடு கூட்டுவட்டி! அசல் 2 நிமிடம். பத்து நிறுத்தம் தாண்டியபின் 5 நிமிடம் 11 விநாடி. இதற்கிடையில் ஓட்டுநர் ஒரு தவறும் செய்யவில்லை.

பின்னால் வரும் வண்டி

சரியான நேரத்தில் வரும் அடுத்த பேருந்தின் நிலை என்ன? அதற்கு முன்னால் போன வண்டி தாமதமானதால், இடைவெளி 10 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாகக் குறைந்துவிட்டது. எனவே 16 பேரே நிற்கிறார்கள். 48 விநாடியில் ஏற்றி முடித்துவிடுகிறது. இதுவோ நிறுத்தத்திற்கு நிறுத்தம் முந்துகிறது. முன்னால் செல்வதோ பிந்துகிறது. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் கிடைப்பது இது:

தொடக்கத்தில்: முதல் வண்டி 2 நிமிடம் தாமதம், இடைவெளி 8 நிமிடம்.
5 நிறுத்தம் தாண்டியபின்: முதல் வண்டி 3 நிமிடம் 13 விநாடி தாமதம், இரண்டாவது 1 நிமிடம் 28 விநாடி முன்னதாக, இடைவெளி 5 நிமிடம் 19 விநாடி.
10 நிறுத்தம் தாண்டியபின்: முதல் வண்டி 5 நிமிடம் 11 விநாடி தாமதம்; இரண்டாவது 4 நிமிடம் 43 விநாடி முன்னதாக; இடைவெளி 6 விநாடி!

இரட்டைப் பேருந்தின் மர்மம் இதுதான். நெரிசலான வண்டியும் காலியான வண்டியும் ஒட்டிக்கொண்டு வருவது தற்செயலாக நேர்வதில்லை. கணக்கு அவற்றை ஒட்ட வைக்கிறது. உண்மையில் நிலைமை இதைவிட மோசம். கூட்டம் நெருக்கினால் ஒருவர் ஏற 3 விநாடி போதாது. நடத்துநர் டிக்கெட் கொடுத்து முடிக்கும்வரை வண்டியை ஓரமாக நிறுத்தவும் நேரிடும். அவர் விசில் கொடுக்காமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கவும் முடியாது.

இந்த உண்மையை 1964ஆம் ஆண்டிலேயே கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் கணித முறையில் விளக்கினர். இயற்பியலை மேற்கொண்டு படிக்கப்போகும் மாணவர்கள், காந்தவியலில் "பாட்ஸ் மாதிரி" என்று ஒன்றைச் சந்திப்பீர்கள். அதே பாட்ஸ்தான் இவர்!

கிண்ணமும் பந்தும்

கிண்ணத்தின் அடியில் உள்ள கோலிக்குண்டைச் சற்று நகர்த்தினால், அது பழைய இடத்திற்கே திரும்பி வரும். இதை உறுதிச் சமநிலை என்று படித்திருக்கிறீர்கள். அதே குண்டை ஒரு பந்தின் உச்சியில் வைத்துப் பாருங்கள். சிறிது அசைந்தாலும் உருண்டு விழுந்துவிடும். இது உறுதியற்ற சமநிலை. சம இடைவெளியில் ஓடும் பேருந்துகள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. ஒரு சிவப்பு விளக்கோ, சாலையைக் கடக்கும் மாடோ போதும், ஒழுங்கு கலைந்துவிடும். பந்தின் உச்சியிலிருந்து குண்டு விழுந்ததற்குக் குண்டைக் குற்றம் சொல்வோமா?

வேகமாக ஓட்டினால் என்ன?

"தாமதமானால் விரட்டி ஓட்ட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். அதையும் கணக்கிடுவோம். இரு நிறுத்தங்களுக்கிடையே 500 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 60 விநாடி. 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வீதம், 50 விநாடி. மிச்சம் 10 விநாடி. ஆனால் அதே நிறுத்தத்தில் கூடும் தாமதமோ 12 விநாடி! கிளம்பவும் நிற்கவும் ஆகும் நேரத்தை எண்ணினால் அந்தப் பத்தும் முழுதாகக் கிடைக்காது.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் 1.2 மடங்கானால் ஆற்றல் 1.44 மடங்காகும். பிரேக் போட்டபின் வண்டி நிற்க வேண்டிய தூரமும் 44 விழுக்காடு கூடும். படிக்கட்டில் தொங்கும் உங்கள் நண்பனை எண்ணிப் பாருங்கள். பத்து விநாடிக்காக இந்த விலையைக் கொடுக்கலாமா? ஓட்டுநரைத் திட்டி அவசரப்படுத்துகிறவர்கள் இந்த விலையைத்தான் கேட்கிறார்கள்.

அப்படியானால் ஓட்டுநரிடம் குறையே இராதா? இருக்கலாம். பணிமனையிலிருந்து காலந்தாழ்த்திக் கிளம்புவது, ஆள் நிற்பதைப் பார்த்தும் நிறுத்தாமல் செல்வது, முன் வண்டியுடன் பந்தயம் விடுவது ஆகியவற்றுக்கு அவரே பொறுப்பு. தாமதம் வளர்ந்ததற்கு அவர் பொறுப்பல்லர்.

தீர்வு யார் கையில்?

இடைவெளி சமமாக இருந்தால் பயணி சராசரியாக 5 நிமிடம் காத்திருக்கிறார். பேருந்துகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து 20 நிமிடத்திற்கு ஒருமுறை வந்தால் சராசரி 10 நிமிடம். அதே வண்டிகள், அதே ஓட்டுநர்கள், அதே டீசல். ஆனால் காத்திருப்பு இருமடங்கு! ஆகவே ஒழுங்குபடுத்துவது வீண் வேலையன்று.

முதல் வழி, ஏறும் நேரத்தைக் குறைப்பது. பிரேசில் நாட்டின் குரிட்டிபா நகரில் 1991 முதல் சில தடங்களில் இதைச் செய்தார்கள். பயணிகள் நிறுத்தத்திலேயே கட்டணம் செலுத்திவிட்டு, பேருந்தின் தள உயரத்திலுள்ள மேடையிலிருந்து நேரே உள்ளே நடந்துவிடலாம். நம் நாட்டில் அகமதாபாத்தில் 2009இல் தொடங்கிய பேருந்துத் திட்டத்திலும் இம்முறை உண்டு. நம் கணக்கில் ஏறும் நேரம் 3 விநாடிக்குப் பதில் 1 விநாடி என்று வையுங்கள். பத்து நிறுத்தத்திற்குப்பின் தாமதம் 5 நிமிடம் 11 விநாடி அன்று; 2 நிமிடம் 47 விநாடிதான்.

இரண்டாவது வழி, பின்வரும் வண்டியைச் சற்று நிறுத்தி வைப்பது. ஜான் பார்த்தோல்டி, டொனால்டு ஐசன்ஸ்டீன் என்ற அறிஞர்கள் 2012இல் ஓர் எளிய விதியை வெளியிட்டனர். கால அட்டவணையை மறந்துவிடுங்கள். குறிப்பிட்ட இடத்திற்கு வரும் பேருந்து, தனக்குப் பின்னால் வரும் வண்டி எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அதற்கேற்பக் காத்திருக்கட்டும். பின்வண்டி தூரத்தில் இருந்தால் அதிக நேரம். அருகில் இருந்தால் குறைந்த நேரம். அட்லாண்டா நகரில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தின் பேருந்துகளில் இதைச் சோதித்தபோது, இடைவெளிகள் தாமாகவே சீராயின. பந்தின் உச்சியிலிருந்த குண்டு கிண்ணத்திற்குள் வந்துவிட்டது!

இதற்குப் பின்வண்டி எங்கே இருக்கிறது என்று தெரியவேண்டும். ஓட்டுநரால் அதைப் பார்க்க முடியாது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து பார்க்கலாம். சென்னையில் மாநகரப் பேருந்து இருக்குமிடத்தைக் கைபேசியில் காட்டும் செயலி 2022இல் வந்தது. பயணிக்கு உதவும் அதே தகவலைக் கொண்டு இடைவெளியையும் சீராக்கலாம். அதைச் செய்ய வேண்டியவர் நிர்வாகி.

செய்து பாருங்கள்

ஒரு வாரம் உங்கள் நிறுத்தத்தில் ஒரே தட எண்ணுள்ள பேருந்துகள் வரும் நேரத்தைக் குறித்து வையுங்கள். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறினார்கள், கதவு எத்தனை விநாடி அடைபட்டிருந்தது என்பதையும் எழுதுங்கள். இடைவெளி நீண்டபோது ஏறுவோர் எண்ணிக்கை கூடுகிறதா? உங்கள் தடத்தில் தாமதத்தின் "வட்டி விகிதம்" என்ன?

நாளை இரண்டு பேருந்துகள் சேர்ந்து வந்தால், முதல் வண்டியின் படிக்கட்டில் தொங்காதீர்கள். இரண்டாவது வண்டியில் உட்கார இடமிருக்கும். நீங்கள் ஏறாமல் விட்ட 3 விநாடி, முன் வண்டியின் ஓட்டுநருக்கு நீங்கள் செய்யும் உதவி.